ஆடம்ஸுக்கு அஞ்சு மார்க்கு

இன்னும் எவ்வளவு நேரம்தான் பேசுவாரு இந்த மனுசன், பதினொண்ணு பத்துக்கு மைக்கைப் பிடிச்சாரு, இப்ப பன்னெண்டு ஆகப்போவுது, ஜெஃபர்ஸனுக்கு இன்னும் கல்யாணமே முடியல. பழைய துணைவேந்தர், போதும் இறங்கும்னு யாரு போயிச் சொல்லுவா. மேடையில அஞ்சு நாற்காலி. ஃபேனுக்கு நேர் கீழ அவரு நாற்காலி, அதுக்கு வலப்பக்கம் தாணு, இடப்பக்கம் பிரின்சிபால், அப்புறம் துறைத்தலைவி மரகதவல்லி, எல்லாருக்கும் கடைசியில ஓரத்துல நான். அந்த ஃபேன் காத்து மரகதவல்லி வரைக்கும் வருது, அவ சேலைத் தலைப்பு ஆடுது, எனக்கு மட்டும் பின்கழுத்துல வேர்வை இறங்குது. அழைப்பிதழ்லயும் இதே வரிசைதான். தலைமை, முன்னிலை, சிறப்புரை, ஏற்புரை, எல்லாம் கொட்டை எழுத்துல. அடியில, அச்சகத்து பேருக்கு ஒரு விரக்கடை மேல, நன்றியுரை: பேராசிரியர் சு. குத்தாலிங்கம் (ஓய்வு). தாணு பேருக்குப் பக்கத்துல அந்த ஓய்வைக் காணோம். ரெண்டு பேரும் ஒரே வருசம், ஒரே மே மாசம் முப்பத்தொண்ணாந் தேதி, ஒரே ரோசாப்பூ மாலையைப் போட்டு அனுப்பினாங்க. அவன் மட்டும் சிதம்பரதாணு, நூலாசிரியர். நான் ஓய்வு. சரி, இருக்கட்டும். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருக்காங்க, ஆனா மைக்கு என் கைக்கு வந்துதானே ஆகணும். மடியில தாணு எழுதின ஜெஃபர்ஸன் புஸ்தகம் இருக்கு, நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல பஸ் டிக்கெட்டைச் சொருகி வச்சிருக்கேன். அந்தப் பக்கத்துல இருக்கது பொய். பச்சைப் பொய். அதை மைக்குல சொன்னேன்னா தாணு புஸ்தகம் வெளியான நாளே செத்துப்போகும். சொல்லவா, வேண்டாமா. மூணு நாளா இதே ரோதனைதான், சோறு இறங்கல. காலையில ரெண்டு இட்லியோட எந்திரிச்சப்ப பிரமு என்னைப் பாத்தா. முப்பத்தாறு வருசம் கூட இருந்தவளுக்குச் சொல்லியா தெரியணும். அங்க போயி மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்கிட்டு இருக்காதீங்க, உங்க வயித்துல என்ன எரியுதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோவும்னா.

பொறாமைதான். வேற பேரு வச்சு என்ன ஆகப்போவுது. எனக்குப் பொறாமை, தாணு மேல, தாணுவோட உயரத்து மேல, அவன் குரல் மேல, அவன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மாட்டுறதுக்குள்ள சபை காத்துக்கிடக்கு பாரு, அது மேல. எனக்கு வாய்ச்ச ஆளும் அப்படி. வரலாறு நடத்துறவனுக்கு ஊரு உலகத்துல எத்தனையோ பேரு இருக்க, நான் போயி ஜான் ஆடம்ஸைப் பிடிச்சேன். அமெரிக்காவுக்கு ரெண்டாவது ஜனாதிபதி. ரெண்டாவதுன்னு சொல்லும்போதே தெரிஞ்சிருக்கணும். முன்னாடி வாஷிங்டன், பின்னாடி ஜெஃபர்ஸன், நடுவுல கல்யாண போட்டோவுல மாட்டிக்கிட்ட சித்தப்பா மாதிரி என் ஆளு. குட்டை, குண்டு, முன்கோபி, நறுக்குன்னு பேசிட்டு ராத்திரி டைரியில வருத்தப்படுற ஆளு. பாஸ்டன்ல சனங்களைச் சுட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு எவனும் வக்கீலா வரமாட்டேன்னப்ப நான் வாரேன்னு போயி நின்னவரு, ஊரே தூத்துச்சு. எட்டு வருசம் துணை ஜனாதிபதியா உக்காந்து, இப்படி ஒண்ணுக்கும் ஆகாத வேலை உலகத்துல உண்டான்னு வீட்டம்மாவுக்குப் புலம்பி எழுதினவரு. கேள்வித்தாள்ல பாக்கணும். அமெரிக்க வரலாறு, மூணாம் வருசப் பேப்பர். ஜெஃபர்ஸனின் சாதனைகளைக் கட்டுரைக்க, பத்து மார்க்கு. ஆடம்ஸ், சிறுகுறிப்பு வரைக, அஞ்சு மார்க்கு. இருபத்தேழு வருசத்துல இருபத்தாறு வருசம் அஞ்சுதான். ஒரு வருசம் நானே கேள்வித்தாள் தயாரிக்கிறவனா இருந்தேன், துணிஞ்சு பத்து மார்க்குல போட்டேன். ஒரு பய அதை எழுதல. 'அல்லது'ன்னு ஒரு கேள்வி பக்கத்துல இருக்குமே, அத்தனை பயலும் அந்த அல்லதுக்கு ஓடிட்டான். பேப்பர் திருத்துற கேம்ப்ல உக்காந்து கட்டுக் கட்டாப் புரட்டுதேன், ஒருத்தன், ஒரே ஒருத்தன் ஆடம்ஸ்னு தலைப்புப் போட்டிருந்தான், எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டது, படிச்சா உள்ள முழுக்க ஜெஃபர்ஸனை எழுதி வச்சிருக்கான். எல்லாரும் சமம்னு எழுதினவன் வீட்டுல அடிமைங்க நூத்துக்கணக்குல, அடிமையே வைக்காத மனுசனுக்கு அஞ்சு மார்க்கு. தலைநகரத்துல வாஷிங்டனுக்குத் தூணு, ஜெஃபர்ஸனுக்கு மண்டபம். என் ஆளுக்கு ஒரு லைப்ரரிக் கட்டடத்துல பேரு எழுதி வச்சிருக்கான், போயிட்டு வாரும்னுட்டான். இதைச் சொன்னா தாணு சிரிப்பான். என்னவே, செத்து இருநூறு வருசம் ஆனவருக்காக நீரு இப்படிக் கொதிக்கீருன்னு கேப்பான். எனக்காகத்தான் கொதிக்கேன்னு அவனுக்கு ஒரு நாளும் தோணினதில்ல. அவனுக்கு அப்படியெல்லாம் தோணாது, நல்லவன், அதுவும் எரியுது.

துணைவேந்தர் தண்ணி குடிக்காரு. முடிக்கப்போறாரோன்னு பாத்தா இல்ல, தாளைப் புரட்டுதாரு, இன்னும் நாலு பக்கம் இருக்கு. முன்வரிசையில ஒருத்தர் வாயைப் பிளந்து கொட்டாவி விடுதாரு. பின்னால கதவுப் பக்கம் வடை பொரிக்கிற வாசனை வருது, ஆமவடை, நன்றியுரைன்னு சொன்னதும் பாதிச் சபை அந்தக் கதவைப் பாத்துத்தான் நடக்கும். இந்தப் புஸ்தகமே என்னால வந்தது, அது யாருக்காவது தெரியுமா. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால தாணு சம்சாரம் போயிச் சேர்ந்தா, மனுசன் வடிச்ச சோத்தை வச்சுட்டு சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தான். நான்தான் தினம் சாயந்தரம் நடந்து போயி உக்காருவேன். ஒருநாள் சொன்னேன், நான் ஆடம்ஸை எழுதுதேன், நீரு ஜெஃபர்ஸனை எழுதும், ரெண்டும் ஜோடியா வரட்டும்னு. எனக்கு எழுத வராதுவேன்னான். உமக்கு எனக்குப் பத்து மடங்கு வரும், என் எழுத்து கல்லு, உம்ம எழுத்து தண்ணின்னு நான்தான், என் வாயாலதான் சொன்னேன். ஆடம்ஸும் இதையேதான் செஞ்சாரு, சுதந்திரப் பிரகடனத்தை நீ எழுது, என்னை எவனுக்கும் பிடிக்காது, நீ எழுதினா ஒத்துக்கிடுவாங்கன்னு ஜெஃபர்ஸன் தலையில கட்டினாரு, அப்படித்தான் கிழவர் பின்னால சொன்னாரு. சபையில மூச்சைப் பிடிச்சு வாதாடி ஜெயிச்சது ஆடம்ஸ், பேரு எழுதினவனுக்கு. வரலாறு படிச்சவன் நான், வரலாறு பாடம் நடத்தினவன் நான், அப்படியே போயி அதே குழியில கால விட்டேன் பாரு. என் ஆடம்ஸ் தொள்ளாயிரம் பக்கம் ஆயிப்போச்சு, கட்டிலுக்கு அடியில மூணு டிரங்குப் பெட்டி, இன்னும் அவரு ஜனாதிபதி ஆகல. தாணு இருநூத்தியெட்டுப் பக்கத்துல முடிச்சு, அட்டையில படம் போட்டு, இன்னைக்கு மாலையோட உக்காந்திருக்கான். புஸ்தகம் கையில கிடைச்ச அன்னைக்கு நின்ன நிலையில முன்னுரையைத்தான் படிச்சேன், நன்றிப் பட்டியல்ல பதினாலு பேரு. டைப் அடிச்ச பொண்ணுக்கு நன்றி. கண்ணாடிக் கடைக்காரருக்கு நன்றி. மெய்யாலுமே இருக்கு, கண் சரியில்லாத மாசத்துல உதவினாராம். குத்தாலிங்கம் இல்ல. மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே படிச்சேன். இல்ல.

நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துக்கு வாரேன். ஃபிலடெல்ஃபியா, ஆயிரத்து எழுநூத்து எழுபத்தாறு, ஜூன் மாசம், சாயந்தரம் சபை முடிஞ்சு ரெண்டு பேரும் நடந்து வாராங்க, சடசடன்னு மழை. ஜெஃபர்ஸன் தன்னோட கோட்டைக் கழட்டி நண்பர் ஆடம்ஸ் மேல போர்த்துதாரு, தான் நனைஞ்சுக்கிட்டே வாராரு, மூணு நாள் காய்ச்சல். என்ன நடை, என்ன நடை, படிச்சா மழை நம்ம மேல விழுது. நான் படிச்சுட்டுப் புஸ்தகத்தை மூடி வச்சேன். காது ரெண்டும் கொதிச்சுது. ஏன்னா கோட்டைக் கொடுத்தது ஆடம்ஸ். ஆடம்ஸ்தான் கழட்டினாரு, ஆடம்ஸுக்குத்தான் காய்ச்சல், ஜெஃபர்ஸன் கையில இருந்த காகிதம் நனையக்கூடாதேன்னு செஞ்சாரு. எனக்கு எப்படி இவ்வளவு நிச்சயமாத் தெரியும்னா, அந்தக் கதையைக் கட்டினவனே நான்தான். தொண்ணூத்தொண்ணாம் வருசம், மத்தியான முதல் பீரியடு, கரண்ட் இல்ல, பிள்ளைங்க பெஞ்சோட பெஞ்சாச் சாஞ்சு கிடக்குது, ஆடம்ஸ் ஆடம்ஸ்னு நான் கத்துதேன், ஒரு மூதிக்கும் காதுல ஏறல. என்னமோ வேகத்துல மழையைப் பெய்ய வச்சேன். கோட்டைக் கழட்டினேன். ஒவ்வொரு தலையா எந்திரிச்சுது. கடைசி பெஞ்சுல ஒருத்தி கண்ணைத் துடைச்சா. அன்னைக்கு வகுப்பை விட்டு வெளிய வந்தப்ப ஆடம்ஸுக்கு நானே கோயில் கட்டிட்ட மாதிரி இருந்துது. அடுத்த வருசம் வேண்டாம்னுதான் நெனச்சேன், ஆனா மேல் வகுப்புப் பிள்ளைங்க சொல்லி வச்சிருக்குது, சார், அந்தக் கோட்டுக் கதைன்னு கேக்குது. சொன்னேன். வருசா வருசம் சொன்னேன், காய்ச்சல் பின்னால சேர்ந்தது. பத்து வருசம் கழிச்சு எனக்கே அது எங்கயோ படிச்சது போல ஆயிட்டு. பக்கத்து அறையில வகுப்பு எடுத்துக்கிட்டு இருந்த தாணு சுவர் வழியாக் கேட்டுட்டு வந்து, அருமையா இருக்கேவே, எந்தப் புஸ்தகத்துலன்னு கேட்டான். நான் என்ன சொன்னேன். சிரிச்சேன். அவ்வளவுதான், சிரிச்சுட்டு டீயைக் குடிச்சேன். இப்ப அவன் புஸ்தகத்துல கோட்டு கை மாறிக் கிடக்கு. ஞாபகம் பிசகினதோ, வேணும்னு மாத்தினதோ, அவன் ஆளுக்குத் தகுந்த மாதிரியே அவனுக்கு ஞாபகம் வந்திருக்கு. நான் உண்டாக்கின ஒரே ஒரு நல்ல காரியம், அந்த மனுசனுக்காக நான் பெய்ய வச்ச மழை, அதுலயும் இவன் ஆளுதான் நல்லவன். சொல்லவும் முடியாது. கோட்டு உன் ஆளோடது இல்ல, என் ஆளோடதுன்னு எந்த வாயால சொல்ல. ரெண்டு பேரோடதும் இல்லையே.

அதுக்காகச் சும்மா இருக்கணுமா. இது நடக்கவே இல்ல, எந்தக் கடிதத்துலயும் இல்ல, ஆசிரியர் ஆதாரம் காட்டட்டும்னு மைக்குல கேட்டா முடிஞ்சுது கதை. யாரு கட்டினதுன்னு நான் சொல்லவேண்டியதில்ல. தாணு முழிப்பான். கண்ணாடியைக் கழட்டித் துடைப்பான். எனக்கு இங்க உக்காந்தே அது தெரியுது, அந்தக் கைக்குட்டைகூடத் தெரியுது. ஆனா மரகதவல்லி இருக்காளே. கடைசி பெஞ்சுல கண்ணைத் துடைச்சவ இவதான், இன்னைக்குத் துறைத்தலைவி, இவளும் வகுப்புல கோட்டைக் கழட்டாம இருப்பாளா. நம்ம குத்தாலிங்கம் சார் சொல்லுவாங்களேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், என் இருபத்தேழு வருசமும் தெருவுல. என்கிட்டப் படிச்சதுங்க எத்தனை ஊருல வாத்தியார் வேலை பாக்குது, அத்தனை பேரும் நினைப்பான், இது பொய்னா வேற என்னென்ன பொய்யோன்னு. புஸ்தகத்தை மடியில அழுத்திப் பிடிச்சேன். அந்த நேரம் பாத்துத் துணைவேந்தர் குரலை இறக்கி, இந்த நூலிலே என்னை உலுக்கிய ஒரு காட்சின்னு ஆரம்பிக்காரு. வேண்டாம்யா. அதைத் தொடாதேயும். மழை, கோட்டு, காய்ச்சல். அப்படியே வாசிச்சாரு, ஒரு வரி விடாம. சபை நிமிந்து உக்காந்துட்டு. கொட்டாவி விட்ட ஆளு வாயை மூடிட்டாரு. பெரிய மனிதன் எப்படி இருப்பான் என்பதற்கு ஜெஃபர்ஸனின் அந்த நனைந்த சட்டை போதும்னாரு, கைத்தட்டல் பிச்சுக்கிட்டுப் போவுது. மரகதவல்லி மட்டும் தட்டல, என் பக்கம் திரும்பி, ஆடம்ஸ் இல்லையா சார்னு மெதுவாக் கேட்டா. நான் சும்மா இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். ஆடம்ஸ் தொண்ணூறு வயசுல சாகும்போது கடைசியாச் சொன்னது ஜெஃபர்ஸன் பேருதான்னு சொல்லுவாங்க, ஜெஃபர்ஸன் இன்னும் இருக்கான்னாராம், அவரு அன்னைக்கு மத்தியானமே போயிட்டாருன்னு தெரியாம. ஒரே நாள், ஜூலை நாலு. இது நான் கட்டினது இல்ல, நிசமா நடந்தது. நான் சாகும்போது தாணு பேரையா சொல்லப்போறேன். சொன்னா பிரமு பாடையைக்கூட எடுக்கவிடமாட்டா.

தாணு ஏற்புரையை ரெண்டே நிமிசத்துல முடிச்சுட்டான், எல்லாரையும் வணங்குறேன்னு உக்காந்துட்டான், அதுலயும் எவ்வளவு நயம் பாரு. என் பேரைக் கூப்பிட்டாங்க. எந்திரிச்சேன். மைக்கு அவன் உயரத்துக்கு நிக்கி, திருகைத் திருகி இறக்குதேன், அது கீச்சுன்னு கத்துது, யாரோ சிரிக்கான். துணைவேந்தருக்கு நன்றி. பிரின்சிபாலுக்கு நன்றி. மரகதவல்லிக்கு, மைக் செட்டு அந்தோணிக்கு, சிற்றுண்டி ஏற்பாடு செஞ்சவங்களுக்கு. பின்வரிசையில நாற்காலி இழுபடுது. இதுதான் நேரம். புஸ்தகத்தை விரிச்சேன், டிக்கெட்டு கீழ விழுந்துட்டு. நூத்திப் பன்னெண்டு. காய்ச்சல்னு முடியுற இடத்துல, அந்த முற்றுப்புள்ளிக்கு மேல, எறும்பு மாதிரி ஒரு நம்பர். முப்பத்தேழு. மூணு நாள்ல நாப்பது தரம் படிச்ச பக்கம், கோட்டு யாரு தோள்ல இருக்குன்னே பாத்துக்கிட்டு இருந்த எனக்கு இது கண்ணுல படல. அடிக்குறிப்பைப் பாருங்கன்னு இருபத்தேழு வருசம் பிள்ளைங்க தலையில குட்டினவன் நான். குறிப்புங்க இருக்குற கடைசிப் பக்கங்களைப் புரட்டுதேன், விரல் ஒட்டுது, சபை பாத்துக்கிட்டு இருக்கு. முப்பத்தேழு. 'இந்தச் சம்பவத்தை நான் எந்த நூலிலும் காணவில்லை. என் நண்பர் பேராசிரியர் சு. குத்தாலிங்கம் வகுப்பில் சொல்லக் கேட்டது. அவர் சொன்னால் எனக்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை.'

ஓய்வுன்னு போடல. பேராசிரியர் சு. குத்தாலிங்கம், அவ்வளவுதான். என் பேரு அச்சுல வந்துட்டு. தலை நிமிந்து பாத்தேன், தாணு அங்க இருந்து சிரிக்கான், பாத்துட்டீரான்னு கேக்குற மாதிரி. படுபாவி, நன்றிப் பட்டியல்ல கண்ணாடிக் கடைக்காரரோட என்னைச் சேத்து நிக்கவைக்கக்கூடாதுன்னு தனியா, சாட்சி இடத்துல, கொண்டுபோயி வச்சிருக்கான். ஒரு ஆளை இப்படி நம்ப எனக்கு வருமா. நம்புறதுலகூட என்னைவிட ஒரு சாண் உயரமா நிக்கான் பாரு, அதுவும் பொறுக்கல எனக்கு, அந்த நேரத்துலயும் பொறுக்கல. நன்றி வணக்கம்னு சொல்லி இறங்கிடலாம். வடை ஆறிப்போவுது. புஸ்தகம் ஊரெல்லாம் போவும், என் பேரும் கூடப் போவும். என்னைக்காவது ஒருத்தன், விவரம் தெரிஞ்சவன், ஆதாரம் எங்கன்னு தாணு சட்டையைப் பிடிப்பான், அப்பவும் இவன் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, குத்தாலிங்கம் சொன்னாரேம்பான், செத்தாலும் அதையேதான் சொல்லுவான். மைக்கைப் பிடிச்சேன்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு. அது தாணு தப்பு இல்ல. அந்தக் கோட்டை யாரும் யாருக்கும் கொடுக்கல. தொண்ணூத்தொண்ணுல வகுப்புல பிள்ளைங்க தூங்கினாங்க, நான்தான் கட்டிச் சொன்னேன். அவரு என்னை நம்பி எழுதிட்டாரு."

கதவுப் பக்கம் போனவங்க அப்படியே நின்னுட்டாங்க. மரகதவல்லி கையை வாயில வச்சுக்கிட்டா. ஆயுசுல இம்புட்டு பேரு முன்னால நான் என் சட்டையைக் கழட்டினது இதுதான் முதல் தடவை, இப்பவாவது சபை என்னைப் பாக்கும், காறித்துப்பவாவது என்னைப் பாக்கும்னு நெனச்சேன். ஒரு ஆளு பாக்கல. துணைவேந்தர், பிரின்சிபால், முன்வரிசை, பின்வரிசை, அத்தனை தலையும் திரும்பி, தாணு என்ன செய்யப்போறான்னு தாணு மூஞ்சியைத்தான் பாத்துது. நானும் அவனைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.